ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

சிட்னியின் மேற்குப் புறநகர் ஒன்றில் வாரக் கடைசியில் நடக்கும் தமிழ்ப் பள்ளியில் பல வருடங்களாகப் பாடம் எடுக்கிறேன். வகுப்பு முடிந்ததும் பெற்றோர் வராந்தாவில் பிடித்துக்கொள்வார்கள். "பிள்ளை ஸ்கூல்ல என்னவோ படிச்சிட்டு வந்து கேக்குது, நமக்குத் தெரியல" என்று ஆரம்பிப்பார்கள். அதில் பாதி, இந்த நாட்டின் பூர்வகுடி மக்களைப் பற்றிய கேள்விகள். ஒரே கேள்வி இருபது பேரிடமிருந்து வந்த பிறகு, கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, பதிலையும் சேர்த்து வைத்துவிட்டேன். மேலிருந்து கீழாகப் படியுங்கள். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றைத் தொட்டுத்தான் போகின்றன.

"அபாரிஜினல்னா எல்லாரும் ஒரே இனம்தானே?"

இல்லை. 1788இல் வெள்ளையர் வந்து இறங்கியபோது இந்தக் கண்டத்தில் 250க்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்பட்டன. ஒவ்வொரு மொழிக்கும் அதற்கென்று நிலம், எல்லை, சட்டம், கதைகள் இருந்தன. சிட்னியின் தருக் மக்களுக்கும் வடக்கே ஆர்ன்ஹெம் லேண்டில் வாழும் யோல்ங்கு மக்களுக்கும் இடையே உள்ள தூரம், சென்னைக்கும் ஸ்ரீநகருக்கும் உள்ள தூரத்தைவிடக் குறைவில்லை. மொழியும் வழக்கமும் அதே அளவுக்கு வேறு. "அபாரிஜினல்" என்பது வெளியிலிருந்து வந்தவர்கள் எல்லாரையும் ஒன்றாகச் சேர்த்து வைத்த பெயர்.

டாரஸ் நீரிணைத் தீவு மக்கள் இன்னும் வேறு. ஆஸ்திரேலியாவின் வடக்கு முனைக்கும் பாப்புவா நியூகினிக்கும் நடுவே உள்ள தீவுகள் அவர்களுடையவை. தோட்டப் பயிரும் கடலும்தான் அவர்கள் வாழ்க்கை. அவர்களுக்குத் தனிக் கொடியும் உண்டு. 2021 கணக்கெடுப்பில் இந்த இரண்டு மக்களுமாகச் சேர்ந்து தங்களைப் பதிந்துகொண்டவர்கள் 8,12,728 பேர். மொத்த மக்கள்தொகையில் 3.2 சதவீதம்.

"தமிழ்ல என்னன்னு சொல்றது? ஆதிவாசி, பழங்குடி, பூர்வகுடி... எது சரி?"

நான் பூர்வகுடி என்று எழுதுகிறேன். முதலில் இங்கே இருந்தவர்கள் என்ற பொருள் அதில் நேராக இருக்கிறது. ஆதிவாசி என்றால் நம் மனதில் உடனே காடும் மலையும் வந்துவிடும். இங்கே பூர்வகுடி மக்கள் அதிகமாக வாழும் மாநிலமே சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ்தான். உங்கள் ரயிலில், உங்கள் பிள்ளையின் வகுப்பில், உங்களைப் பார்க்கிற நர்ஸாக இருப்பவர்கள் அவர்கள்.

எல்லாவற்றையும்விட நல்லது, அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயர். நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா பக்கம் கூரி, குயின்ஸ்லாந்தில் மர்ரி, பெர்த் சுற்றுவட்டாரத்தில் நூங்கார், டாஸ்மேனியாவில் பலாவா, நாட்டின் நடுவே உள்ள உலுருப் பாறைப் பக்கம் அனங்கு. மக்களின் பெயர் தெரிந்தால் அதையே சொல்லுங்கள். "அபாரிஜின்" என்று பெயர்ச்சொல்லாகச் சொல்வது பழைய வழக்கு, இப்போது பலருக்குப் பிடிப்பதில்லை. அதை இன்னும் சுருக்கிச் சொல்வது வசவு. நம் பழைய பாடப் புத்தகங்களில் படித்தோம் என்று சிலர் இயல்பாகச் சொல்லிவிடுகிறார்கள், இங்கே அது வேண்டவே வேண்டாம்.

"அறுபதாயிரம் வருஷமா இங்கேயே இருக்காங்கன்னு சொல்றது நிஜமா?"

வடக்கே மஜட்பெபே என்ற பாறைக் குகையில் கிடைத்த கற்கருவிகளும் காவிக்கல்லும் 65,000 ஆண்டுப் பழமை கொண்டவை என்று 2017இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அந்தக் கணக்கை ஏற்காதவர்களும் உண்டு. ஆனால் 50,000 ஆண்டை ஒட்டி மக்கள் இங்கே இருந்தார்கள் என்பதில் பெரிய சண்டை இல்லை. கீழடிக்கு 2,600 ஆண்டு என்று சொல்லும்போது நமக்கு நெஞ்சு நிமிர்கிறதே, அந்த அளவுகோலை இங்கே வைத்துப் பாருங்கள்.

மங்கோ ஏரி என்று இன்று வறண்டு கிடக்கும் ஒரு ஏரியின் மணல்மேட்டில் 1968இல் ஒரு பெண்ணின் எரிந்த எலும்புகள் கிடைத்தன. சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன் அவளை முறையாகத் தகனம் செய்திருக்கிறார்கள். உலகில் நமக்குத் தெரிந்த மிகப் பழைய தகனங்களில் ஒன்று அது. பக்கத்திலேயே 1974இல் கிடைத்த ஆணின் உடல்மேல் காவி தூவப்பட்டிருந்தது. அந்தக் காவி அங்கே கிடைப்பதில்லை, தொலைவிலிருந்து சுமந்து வந்திருக்க வேண்டும். செத்தவருக்குச் செய்யவேண்டியதைச் செய்யாமல் விடக்கூடாது என்ற எண்ணம் அவ்வளவு பழையது. அந்த எலும்புகளைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பெண்ணுடையவை 1992இலும் ஆணுடையவை 2017இலும்தான் ஊர் திரும்பின.

"வேட்டையாடி அலைஞ்சவங்கதானே? வீடு, விவசாயம் ஒண்ணும் இல்லையாமே?"

விக்டோரியாவின் தென்மேற்கில் பட்ஜ் பிம் என்ற இடம். அங்கே எரிமலைக் குழம்பு ஆறிக் கல்லாகிக் கிடக்கும் தரையில் குண்டிட்ஜ்மாரா மக்கள் வாய்க்கால் வெட்டி, கல் அடுக்கி, அணை கட்டி, வெள்ளம் வரும்போது விலாங்கு மீனைக் குளங்களுக்குத் திருப்பினார்கள். அங்கேயே வளரவிட்டு, பின்னிய கூடைகளை வாய்க்கால் வாயில் வைத்துப் பிடித்தார்கள். குறைந்தது 6,600 ஆண்டுகளாக நடந்த வேலை. பக்கத்திலேயே கல் வீடுகளின் வட்டமான அடித்தளங்கள் இருக்கின்றன. 2019இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. மடையும் கலிங்கும் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தக் கல் வரிசைகளின் அறிவு சட்டென்று புரியும்.

பாலைப் பகுதிகளில் இடம் மாறிக்கொண்டே வாழ்ந்தவர்கள் உண்டு. எந்தக் கிணற்றில் எந்த மாதம் தண்ணீர் இருக்கும் என்று தெரிந்து போனார்கள், திக்குத் தெரியாமல் அலையவில்லை. புல்வெளிகளைக் காலம் பார்த்துச் சிறு தீயாக வைத்து எரித்தார்கள். புதுப் புல் துளிர்க்கும், கங்காரு வரும், பெரிய காட்டுத்தீ தடுக்கப்படும். தானியப் புல்லை அறுத்து, அரைத்து, ரொட்டி சுட்டார்கள். இதை விவசாயம் என்று சொல்லலாமா என்று ஆய்வாளர்கள் காரசாரமாக வாதிடுகிறார்கள். என்னைக் கேட்டால், ஏர் ஓட்டினால்தான் அறிவு என்ற நினைப்பை முதலில் விடவேண்டும்.

"டிரீம்டைம்னு சொல்றாங்களே, அது நம்ம புராணக் கதை மாதிரியா?"

"கனவுக் காலம்" என்று மொழிபெயர்த்ததில்தான் குழப்பமே வந்தது. அது கனவும் அல்ல, முடிந்துபோன காலமும் அல்ல. வள்பிரி மக்கள் ஜுகுர்பா என்பார்கள். உலுரு பக்கத்து அனங்கு மக்களும் கிட்டத்தட்ட அதே சொல்லைத்தான் சொல்கிறார்கள். நிலத்தை உருவாக்கிய முன்னோர் நடந்த வழி, அவர்கள் விட்டுப்போன சட்டம், இன்ன இடத்தில் இன்னார் இப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற முறை, எல்லாம் சேர்ந்து ஒரே சொல். நிலத்தைச் சொன்னால் அதன் தெய்வமும் தொழிலும் பாட்டும் கூடவே வரும் திணை மரபு நமக்குத் தெரியும். அதனால் ஒரு ஐரோப்பியரைவிட நமக்கு இது சுலபமாகப் பிடிபடும்.

உலுருப் பாறைமேல் ஏறவேண்டாம் என்று அனங்கு மக்கள் பல வருடம் பலகை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்ததற்குக் காரணமும் இதுதான். 1985 அக்டோபர் 26இல் நிலம் அவர்கள் பெயருக்குத் திரும்பியது. 2019இல் அதே தேதியில் ஏறும் வழியை மூடினார்கள்.

"சொந்தம் கொண்டாடுற முறை நம்மள மாதிரியே இருக்காமே?"

சில இடங்களில் ஆச்சரியப்படும் அளவுக்கு. யோல்ங்கு மக்கள் அப்பாவையும் அப்பாவின் சகோதரர்களையும் ஒரே சொல்லால் பாபா என்று கூப்பிடுகிறார்கள். நம் பெரியப்பா, சித்தப்பா மாதிரி. அம்மாவும் அம்மாவின் சகோதரிகளும் ஙாண்டி. தாய்மாமன் மட்டும் தனி, அவருக்கு ஙபிபி என்று வேறு சொல். உலகத்தில் உள்ள மனிதர், மரம், மீன், காற்று எல்லாமே துவா, யிரிட்ஜா என்ற இரண்டு பாதிகளில் ஒன்றைச் சேர்ந்தவை. துவா ஆள் யிரிட்ஜாவில்தான் கல்யாணம் செய்ய வேண்டும். மேற்கே பில்பராவின் கரியேரா மக்களின் உறவுமுறையைத் திராவிட உறவுமுறையோடு ஒப்பிட்டு மானிடவியலாளர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். அங்கேயும் மாமன் மகள், அத்தை மகள்தான் முறைப்பெண்.

ஒரு நாள் அரிச்சுவடி வகுப்பில் ஒரு பையன், "மிஸ், ங-வில் தொடங்குகிற சொல் ஒன்று சொல்லுங்கள்" என்றான். வழக்கமாக இந்தக் கேள்விக்கு நாங்கள் திணறுவோம். அன்று ஙாண்டி என்று பலகையில் எழுதினேன். "தமிழ் இல்லை, ஆனால் இந்த நாட்டு மொழி, அம்மா என்று அர்த்தம்" என்றேன். வகுப்பு முழுக்க ங, ங என்று சொல்லிப் பார்த்தது. ங, ஞ, ண, ந, ம, ன என்ற நம் ஆறு மெல்லினமும் யோல்ங்கு மொழியில் தனித்தனியாக இருக்கின்றன. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் தவித்துப்போகும் ண-வும் ள-வும் நம் பிள்ளைகளுக்குத் தண்ணீர் பட்டபாடு.

"அப்படின்னா அவங்க நம்ம ஆளுங்கதான்! குமரிக்கண்டத்துல இருந்து போனவங்கதானே?"

இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை. ஆசையோடு கேட்கிறார்கள் என்று தெரியும். ஆனால் பதில், இல்லை என்பதுதான். கால்டுவெல் காலத்திலேயே "நான்", "நீ" போன்ற சொற்களில் ஒற்றுமை இருப்பதைக் கவனித்தார்கள். அதற்குப் பிறகு நூறு வருடத்துக்கும் மேல் மொழியியலாளர்கள் தேடியும், திராவிட மொழிகளையும் ஆஸ்திரேலிய மொழிகளையும் ஒரே குடும்பமாகக் காட்ட முடியவில்லை. ஒலிகள் ஒத்துப்போவதால் மட்டும் மொழிகள் உறவாகிவிடாது. குமரிக்கண்டத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் லெமூரியா என்பது 1864இல் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர், மடகாஸ்கரின் லெமூர் குரங்குகள் எப்படிப் பரவின என்று விளக்கப் போட்ட ஊகம். கண்டங்கள் நகர்கின்றன என்று தெரிந்தபின் அறிவியல் அதைக் கைவிட்டது. வளரியும் பூமராங்கும் ஒன்றுதானே என்பார்கள். எறிகட்டை எகிப்தில் துட்டன்காமுன் கல்லறையிலும் இருந்தது, ஐரோப்பாவிலும் கிடைத்திருக்கிறது. திரும்பி வரும் பூமராங்கோ ஆஸ்திரேலியாவிலேயே எல்லா மக்களிடமும் இல்லை.

மரபணுவைச் சொல்பவர்களும் உண்டு. சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து ஒரு கலப்பு நடந்ததாக 2013இல் ஒரு ஆய்வு வந்தது, நம் செய்தித்தாள்களில் பெரிதாகப் போட்டார்கள். 2016இல் இன்னும் விரிவாகச் செய்த ஆய்வுகளில் அதற்கான தடயம் தெரியவில்லை. இந்தச் செய்தி நம் பக்கம் யாருக்கும் போய்ச் சேரவில்லை. நிச்சயமான ஒரு மெல்லிய இழை வேண்டுமானால் இருக்கிறது. சுலவேசித் தீவின் மக்காசர் வணிகர்கள் கடல் அட்டை எடுக்க வடகரைக்கு வருடா வருடம் வந்தார்கள். அவர்களிடமிருந்து யோல்ங்கு மொழிக்குப் போன சொல்தான் பணத்துக்கு "ருபியா". நம் ரூபாயும் அதுவும் ஒரே வேர்.

நான் இதில் கறாராக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. இந்த மண்ணிலேயே, இந்தக் கதைகளோடுதான் நாங்கள் உருவானோம் என்று சொல்லும் மக்களிடம் போய், "இல்லை, நீங்கள் எங்களிடமிருந்து பிரிந்தவர்கள்" என்று சொல்வது, அன்பாகச் சொன்னாலும், அவர்கள் கதையைப் பறிப்பதுதான்.

"வெள்ளைக்காரன் வந்தப்ப சண்டையே போடாம விட்டுட்டாங்களா?"

சிட்னியின் மேற்கே, பென்டில் ஹில்லுக்குப் பக்கத்தில் பெமல்வாய் என்று ஒரு புறநகர் இருக்கிறது, நம்மவர்கள் பலர் வீடு வாங்கியிருக்கிறார்கள். அது ஒரு போராளியின் பெயர். 1788 ஜனவரி 26இல் 11 கப்பல்களில் வந்த கூட்டம், காடிகல் மக்களின் நிலமான சிட்னித் துறையில் கொடி நட்டது. அடுத்த வருடமே அம்மை நோய் பரவி, சுற்றுவட்டாரப் பூர்வகுடிகளில் பாதிப்பேர் இறந்தார்கள் என்று ஆளுநர் பிலிப்பே கணக்கிட்டார். அதற்குப் பிறகும் பிஜிகல் மக்களின் பெமல்வாய் 12 வருடம் போரிட்டார். 1797இல் டூங்காபி குடியிருப்பைத் தாக்கிவிட்டு, பாரமட்டாவில் நேருக்கு நேர் மோதினார். உடம்பில் ஏழு குண்டு. பிடித்து, காலில் விலங்கு மாட்டி மருத்துவமனையில் போட்டார்கள். விலங்கோடு தப்பினார். 1802இல் சுட்டுக் கொன்று தலையை வெட்டி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அந்தத் தலை இன்றுவரை ஊர் திரும்பவில்லை.

வெள்ளையர் குடியேற்றத்தின் எல்லை நகர நகர கொலைகளும் நகர்ந்தன. 1838 ஜூன் 10இல் மயால் கிரீக்கில் குறைந்தது 28 பேரை, பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்களை, கயிற்றில் கட்டிக்கொண்டுபோய் வெட்டினார்கள். அதற்காக ஏழு வெள்ளையர் தூக்கிலிடப்பட்டார்கள். அப்படித் தண்டனை கிடைத்தது மிக அபூர்வம், அதனால்தான் அந்தப் பெயர் நினைவில் நின்றது. வடபகுதியில் பூர்வகுடிகளைக் கொன்ற கோனிஸ்டன் படுகொலை நடந்தது 1928இல். நம் தாத்தா பாட்டி பிறந்த காலம்.

"பிளாக்டவுன்னு ஊருக்கு எப்படிப் பேர் வந்துச்சு?"

ஆளுநர் மக்குவாரி 1815இல் பாரமட்டாவில், பூர்வகுடிப் பிள்ளைகளை "நாகரிகப்படுத்த" ஒரு பள்ளி திறந்தார். உள்ளே விட்ட பிள்ளையைப் பெற்றோர் நினைத்தபோது கூட்டிப்போக முடியாது. 1819இல் நடந்த பொதுத் தேர்வில், கிட்டத்தட்ட நூறு ஐரோப்பியப் பிள்ளைகளையும் முந்தி முதலில் வந்தவள் அந்தப் பள்ளியின் ஒரு பெண். தருக் மக்களின் மரியாதான் அவள் என்று சொல்லப்படுகிறது. அவள் வம்சத்தார் இன்றும் மேற்கு சிட்னியில் வாழ்கிறார்கள். 1823இல் பள்ளி மேற்கே மாற்றப்பட்டது. "கறுப்பர் ஊர்" என்று அந்த இடத்தைக் குறித்ததே ஊர்ப் பெயராக நின்றுவிட்டது. பள்ளி இருந்த நிலம் 2018இல் தருக் மக்கள் கைக்கு வந்தது.

"ஸ்டோலன் ஜெனரேஷன்னா அதுவா?"

அது தொடக்கம். குடும்பத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட பூர்வகுடிக் குழந்தைகளைத்தான் ஸ்டோலன் ஜெனரேஷன், அதாவது திருடப்பட்ட தலைமுறை, என்கிறார்கள். பெரிய அளவில், சட்டம் போட்டு நடந்தது சுமார் 1910 முதல் 1970 வரை. பூர்வகுடிக் குழந்தைகளில் மூன்றில் ஒருவரிலிருந்து பத்தில் ஒருவர் வரை குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டதாக 1997இன் விசாரணை அறிக்கை சொல்கிறது. வெளிர் நிறக் குழந்தைகளைத் தேடித் தேடி எடுத்தார்கள், சில தலைமுறையில் வெள்ளையரோடு கரைந்துவிடுவார்கள் என்ற கணக்கில். நியூ சவுத் வேல்ஸில் கின்செலா என்ற ஆண்பிள்ளைகள் இல்லத்தில் பையன்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். அங்கே இருந்து வந்த பெரியவர்கள் இன்றும் தங்கள் எண்ணைச் சொல்வார்கள். வீட்டு மொழியைப் பேசினால் அடி.

2008 பிப்ரவரி 13இல் பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். பிள்ளைகள் தமிழ் மறக்கக்கூடாது என்று ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தை விட்டு வண்டி ஓட்டிவரும் பெற்றோருக்கு, மொழியைப் பிடுங்குவது என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை.

"1967 வரைக்கும் அவங்கள விலங்குப் பட்டியல்ல வெச்சிருந்தாங்களாமே?"

பரவலாகச் சொல்லப்படுகிறது, ஆனால் "தாவரங்கள், விலங்குகள் சட்டத்தின் கீழ் வைத்திருந்தார்கள்" என்பது உண்மையல்ல. அப்படி ஒரு சட்டம் இருந்ததில்லை. அரசியலமைப்பை மாற்ற 1967 மே 27இல் நடந்த வாக்கெடுப்பில்தான் ஓட்டுரிமை கிடைத்தது என்பதும் தவறு. நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுப்போடும் உரிமை 1962இலேயே எல்லாருக்கும் வந்தது. மாநிலங்களில் கடைசியாகக் கொடுத்தது குயின்ஸ்லாந்து, 1965இல்.

1967இல் மாறியது இரண்டு. மக்கள்தொகையைக் கணக்கிடும்போது பூர்வகுடிகளைச் சேர்க்கக்கூடாது என்ற அரசியலமைப்புப் பிரிவு போனது. அவர்களுக்காகச் சட்டம் இயற்றும் அதிகாரம் மத்திய அரசுக்கு வந்தது. 90 சதவீதத்துக்கும் மேல் ஆம் என்றார்கள். ஒரு மக்களை அவர்கள் நாட்டிலேயே கணக்கில் சேர்க்காமல் விட்டது போதாதா? இல்லாத சட்டத்தைச் சொன்னால், இருந்த கொடுமையையும் நம்பாமல் போகிறார்கள்.

"நிலம் திரும்பக் கிடைச்சுதா?"

கொஞ்சம், போராடி. 1966 ஆகஸ்டில் வடபகுதியில் வேவ் ஹில் என்ற பிரம்மாண்டமான மாட்டுப் பண்ணையில், வின்சென்ட் லிங்கியாரி தலைமையில் குரிஞ்சி மக்கள் சுமார் 200 பேர் வேலையை விட்டு வெளியே நடந்தார்கள். முதலில் கூலிப் பிரச்சினை போலத் தெரிந்தது. கேட்டது நிலம். ஒன்பது வருடம் விட்டுக்கொடுக்காமல் உட்கார்ந்தார்கள். 1975 ஆகஸ்ட் 16இல் பிரதமர் விட்லம் கைநிறைய மண்ணை அள்ளி லிங்கியாரியின் உள்ளங்கையில் கொட்டினார். அந்தப் புகைப்படத்தை ஒருமுறை நின்று பாருங்கள். தலையில் தொப்பி, கையில் சிவப்பு மண், அவர் முகத்தில் ஆர்ப்பாட்டமே இல்லை.

அடுத்தது மாபோ வழக்கு. டாரஸ் நீரிணையின் மெர் தீவைச் சேர்ந்த எடி கொய்க்கி மாபோவும் இன்னும் சிலரும் பத்து வருடம் வழக்கு நடத்தினார்கள். 1992 ஜூன் 3இல், இந்த நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான உயர் நீதிமன்றம், வெள்ளையர் வந்தபோது இது யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்ற பொய்யைத் தள்ளியது. மாபோ அதைக் கேட்க உயிரோடு இல்லை, அந்த ஜனவரியில் இறந்துவிட்டார். ஆனால் உங்கள் வீட்டு மனையை யாரும் கேட்க முடியாது, பயப்படவேண்டாம். தனியார் பட்டா உள்ள இடத்தில் பூர்வகுடி நில உரிமை செல்லாது.

"ஆள் வெள்ளையா இருக்கார், பூர்வகுடின்னு சொல்றாரே, எப்படி?"

நிறத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வம்சாவளி, தன்னை அப்படி உணர்வது, சமூகம் அவரைத் தன் ஆளாக ஏற்பது, இந்த மூன்றையும்தான் பார்க்கிறார்கள். "பாதி", "கால்" என்று ரத்தத்தை அளந்து பேசாதீர்கள். குழந்தைகளைப் பிரித்தபோது அதிகாரிகள் பேசிய மொழி அது, மேலே சொன்னேன்.

டாஸ்மேனியா இதற்கு நல்ல உதாரணம். 1876இல் இறந்த ட்ருகானினிதான் "கடைசி டாஸ்மேனியர்" என்று பள்ளிக்கூடங்களில் சொல்லிக்கொடுத்தார்கள். என் உடலை வெட்டாதீர்கள் என்று கெஞ்சியவளின் எலும்புக்கூட்டை 1947 வரை அருங்காட்சியகத்தில் நிறுத்திவைத்தார்கள். 1976இல்தான் அவள் சாம்பலைக் கடலில் கரைத்தார்கள். அந்த நேரத்திலும் அவளுடைய மக்கள் ஆயிரக்கணக்கில் அங்கே இருந்தார்கள். இன்று பலாவா கானி என்று தங்கள் மொழியைத் திரும்பக் கட்டிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

"கவர்மென்ட் எல்லாம் சும்மா குடுக்குதே, அப்புறமும் ஏன் முன்னேறல?"

இதைக் கேட்கும்போது எனக்கு வருத்தம் வரும், ஆனாலும் பொறுமையாகச் சொல்கிறேன். "எல்லாம் இலவசம்" என்பது வதந்தி. உதவித்தொகைக்கு வருமான விதிகள் எல்லாரையும் போலத்தான். சில கூடுதல் திட்டங்கள் ஏன் இருக்கின்றன என்றால், 2020–22 கணக்குப்படி பூர்வகுடி ஆண் சராசரியாக 71.9 வயது வரைதான் வாழ்கிறார். மற்ற ஆண்களைவிட 8.8 வருடம் குறைவு. மக்கள்தொகையில் முப்பதில் ஒருவர், சிறையில் மூன்றில் ஒருவர்.

காரணம் பழைய கதை அல்ல. இருபதாம் நூற்றாண்டில் வெகுகாலம் பூர்வகுடிகளின் கூலியை அரசே வாங்கி வைத்துக்கொண்டு, பெரும்பகுதியைக் கொடுக்கவே இல்லை. அந்தப் பணத்துக்காகக் குயின்ஸ்லாந்துத் தொழிலாளர்கள் போட்ட வழக்கில் 2019இல் 19 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. பலர் அதற்குள் இறந்துவிட்டார்கள். அப்பா சேர்த்த காசில் மகன் படித்து, மகன் வாங்கிய வீட்டில் பேரன் வளர்வதுதான் நாம் முன்னேறிய வழி. அந்த முதல் படியையே எடுத்துவிட்டார்கள்.

"2023ல ஓட்டுப் போட்டோமே, அது என்ன ஆச்சு?"

பூர்வகுடிகளைப் பற்றிய சட்டங்களில் அவர்கள் கருத்துச் சொல்ல ஒரு குழுவை அரசியலமைப்பில் சேர்க்கலாமா என்பது கேள்வி. 2017இல் உலுருவில் கூடியவர்கள் வைத்த கோரிக்கை அது. 2023 அக்டோபர் 14இல் சுமார் 60 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள், ஆறு மாநிலங்களும். தோற்றது.

"ஜனவரி 26 நமக்குக் குடியரசு தினம், இங்கே ஆஸ்திரேலியா டே. கொண்டாடலாமா?"

இந்தியர்களுக்கு அது தங்களுக்கென்று எழுதிக்கொண்ட அரசியலமைப்பின் நாள். இங்கே அதே தேதி, மேலே சொன்ன 11 கப்பல்களின் நாள். 1938இல், 150ஆவது ஆண்டு விழா ஊர்வலம் சிட்னித் தெருக்களில் போனபோது, வில்லியம் ஃபெர்குசன், ஜாக் பேட்டன் போன்றவர்கள் ஒரு மண்டபத்தில் கூடி அதைத் துக்க நாள் என்று அறிவித்தார்கள். 1972இல் அதே நாளில்தான் கான்பெராவில் பழைய நாடாளுமன்றப் புல்வெளியில் குடை நட்டு "கூடாரத் தூதரகம்" தொடங்கினார்கள். நான் அன்றைக்குப் பட்டாசு பார்க்கப் போவதில்லை, விடியற்காலையில் நடக்கும் பூர்வகுடிகளின் நிகழ்ச்சிக்குப் போகிறேன். உங்கள் வீட்டில் என்ன செய்வது என்பது உங்கள் முடிவு.

"நாங்களே ஊர் இழந்து வந்த சனம். இதில எங்களுக்கு என்ன பங்கு இருக்கு?"

ஈழத்திலிருந்து வந்த ஒரு அக்கா கேட்டது இது. எல்லாக் கேள்விகளிலும் இதுதான் கனமானது. நாங்கள் யார் நிலத்தையும் பறிக்கவில்லை, உயிர் தப்பி வந்தோம் என்றார். உண்மைதான். ஆனால் தப்பி வந்து நின்ற தரை இன்னொருவரிடமிருந்து பறித்தது, அதை அவர்கள் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை.

அவருக்கு நான் வில்லியம் கூப்பரைப் பற்றிச் சொன்னேன். யோர்ட்டா யோர்ட்டா மக்களின் முதியவர். 1938 டிசம்பரில், ஜெர்மனியில் யூதர்களைத் தாக்கிய செய்தி வந்ததும், எழுபதைத் தாண்டிய வயதில் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு மெல்போர்னில் ஜெர்மன் தூதரக அலுவலகத்துக்கு நடந்தார். மனுவை உள்ளே வாங்கவில்லை. தன் சொந்த நாட்டிலேயே கணக்கில் வராத மனிதர், பார்த்திராத மக்களுக்காகக் கதவைத் தட்டினார். அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அவற்றை ஊர் எது?" என்று கேட்டார்.

"நம்ம பொங்கல் விழா மேடையில் என்ன சொல்லணும்?"

இரண்டு வழி உண்டு, குழப்பிக்கொள்ளாதீர்கள். வரவேற்பு என்பதை அந்த நிலத்துக்குரிய மக்களில் ஒரு பெரியவர்தான் செய்யலாம். வீட்டுக்காரர்தானே வாருங்கள் என்று சொல்ல முடியும். அவரை முன்கூட்டியே அழைத்து, உரிய மரியாதைத் தொகை கொடுத்து, முதல் வரிசையில் உட்காரவையுங்கள். அவர் இல்லாதபோது, இது இன்ன மக்களின் நிலம் என்று மரியாதையோடு சொல்வதை யாரும் செய்யலாம். தமிழிலேயே சொல்லுங்கள். மக்களின் பெயரை முன்னாடியே கேட்டுப் பழகிக்கொண்டு வாருங்கள். குத்துவிளக்கு ஏற்றுவதற்கு முன் சொன்னால் நன்றாக இருக்கும்.

"பிள்ளைக்கு ஸ்கூல் புராஜெக்ட். எங்கேருந்து ஆரம்பிக்கிறது?"

உங்கள் வீட்டு முகவரியிலிருந்து. அது எந்த மக்களின் நிலம் என்று உங்கள் நகராட்சியின் பக்கத்திலேயே இருக்கும். இறந்தவர்களின் பெயரையும் படத்தையும் போடும் முன் எச்சரிக்கை வரி ஒன்று சேர்க்கச் சொல்லுங்கள். பல சமூகங்களில் இறந்தவர் பெயரைக் கொஞ்ச காலம் உச்சரிக்கமாட்டார்கள். புள்ளி ஓவியத்தைப் பார்த்து வரைய வேண்டாம். அந்தக் கதை வரைந்தவருடைய குடும்பச் சொத்து.

போன வருடம் எங்கள் பள்ளியில் ஒரு சிறுமி பாரமட்டாவை எடுத்துக்கொண்டாள். அந்தப் பெயர் "பர்ரமட்ட" என்ற தருக் சொல்லிலிருந்து வந்தது, விலாங்கு கிடக்கும் இடம் என்று அர்த்தம். அவள் அப்பாவோடு ஆற்றங்கரைக்குப் போய், படிக்கட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறாள். கலங்கல் தண்ணீரில் கறுப்பாக ஒன்று நெளிந்து போனதாம். இந்த ஆற்று விலாங்குகள் வளர்ந்ததும் கடலில் இறங்கி, பவளக் கடல் பக்கம் வெகுதூரம் போய் முட்டையிடும், கண்ணாடி மாதிரிக் குஞ்சுகள் நீரோட்டத்தோடு திரும்பி வந்து தடுப்பணை ஏறும் என்று படித்திருந்தாள். அட்டையில் நீளமாக ஒரு விலாங்கை வரைந்து, அதன் வயிற்றுக்குள் தருக்கில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை ஊர்ப் பெயரை எழுதிக் கொண்டுவந்தாள்.